சொல் விளக்கம்: நிஷி

'நிசி' என்றதும் நமக்கு நள்ளிரவு நினைவுக்கு வரும். அந்த வடசொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. இது ஜப்பானியச் சொல், பொருள் மேற்கு. ஆனால் ஜப்பானின் தென்கோடியில் உள்ள ரியூக்யூ தீவுகளின் மொழிகளில் இதே சொல்லுக்கு வடக்கு என்று பொருள்!

ஏதோ ஒரு தீவில் மட்டும் இப்படி இருந்தால், பின்னாளில் திரிந்தது என்று விட்டுவிடலாம். அமாமி, ஒகினாவா, மியாகோ, யாயெயாமா என்று கடல் பிரித்த எல்லாப் பக்கமும் வடக்குதான். எனவே இவை கிளைக்கும் முன்பே, தொல் ரியூக்யூ மொழியிலேயே அந்தப் பொருள் வந்துவிட்டது என்று கொள்வதே சரி. இப்படிக் கிளைமொழிகளை ஒப்பிட்டுத் தாய்மொழியின் சொல்லை மீட்பதற்குத் தமிழில் மீட்டுருவாக்கம் என்று பெயர்.

சரி, பொருள் ஏன் மாறியது? காற்றைப் பார்க்க வேண்டும். சொல்லின் ஈற்றிலுள்ள 'ஷி' காற்றைக் குறிக்கும் பழைய உறுப்பு என்பது பலர் ஏற்கும் கருத்து. புயலைக் குறிக்கும் 'அராஷி'யிலும் அதுவே இருக்கிறது என்பார்கள். ஒகினாவாவில் அக்டோபர் வாக்கில் வெக்கை தணிந்து முதன்முதலாக வீசும் வடகாற்றுக்கு 'மீநிஷி' என்று பெயர். 'மீ' என்றால் புது. தமிழில் 'புதுவாடை' என்றால் அச்சாகப் பொருந்தும். ஆக, காற்றின் பெயரே அது வீசிவரும் திசைக்கும் பெயராகியிருக்கலாம்.

தெற்கு என்பதற்கு யாயெயாமாவில் 'பாய்', ஒகினாவாவில் 'ஃபே'. பகரம்தான் பழையது, அது பிறகு தேய்ந்தது. கிழக்கு 'அகாரி', அதாவது ஞாயிறு ஏறும் பக்கம். மேற்கு 'இரி', அது உள்ளே போகும் பக்கம். காட்டுப்பூனைக்குப் பெயர்போன இரியொமொத்தே தீவின் பெயரில் இருப்பது இந்த 'இரி'தான். இவற்றுக்கு நிகர் தேடி அலைய வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அகாரி எழுவான், இரி படுவான்.

எழுத்துதான் ஆளைக் குழப்பும். ரியூக்யூ அரசின் பழைய தலைநகர் ஷூரிக்குத் தெற்கே ஹாயெபாரு, வடக்கே நிஷிஹாரா என்று இரண்டு ஊர்கள். பின்னதை 'மேற்கு', 'வெளி' என்ற இரண்டு சீன எழுத்துகளால் எழுதுகிறார்கள். எழுத்தைப் பார்த்து 'மேல்வெளி' என்று பெயர்த்துவிடக் கூடாது. அது வடவெளி.