முதலில் பிளானைக் காட்டுங்கள், இ.சி.ஜி. அப்புறம்

ஆவணி பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் ஒரு தனிக் கூட்டம் தலைகாட்ட ஆரம்பிக்கும். நேபாளத்துக்கு ட்ரெக்கிங் போகிறவர்கள். அக்டோபர், நவம்பரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் அல்லது அன்னபூர்ணா சர்க்யூட்டுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "நான் ஃபிட்டுதானுங்களே டாக்டர்?" என்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் என்றால் கூடவே இன்னொன்றும் வரும். "போன சித்திரையில வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினேனுங்க, மூச்சே வாங்கலை."

ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். எந்த ராத்திரி எந்த ஊரில் படுக்கிறீர்கள்? பாதிப் பேருக்குத் தெரியாது. ஏஜென்சி அனுப்பிய பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் எங்கேயோ இருக்கும், தேடி எடுப்பதற்குள் அடுத்த பேஷண்ட் கதவைத் தட்டிவிடுவார். ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

நான் சாதாரணப் பொது மருத்துவர்தான். கடந்த சில வருடங்களாக நம்மூர்க் குழுக்களோடு டாக்டராக நேபாளத்துக்கு ஏழு முறை போய் வந்திருக்கிறேன். அங்கே வழிகாட்டிகள் என்னை 'திதி' என்று கூப்பிடுவார்கள். நேபாளியில் அக்கா என்று அர்த்தம். நம் காதில் அது வேறு மாதிரி விழும், முதல் நாள் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருந்தது.

சரி, அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது? தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதற்கு மேல் ஏற இடமில்லை. எவரெஸ்ட் பாதையில் இரண்டாவது ராத்திரி தங்கும் நாம்சே பஜாரே 3,440 மீட்டர். பேஸ் கேம்ப் 5,364. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, அதாவது ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. இதற்கு உடம்பு பழகும், நன்றாகவே பழகும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிக்கட்டும், தூக்கம் கெட்டு மெல்லத் திரும்ப வரும். இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். ஜிம்முக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் நல்ல ஃபிட்டாக இருக்கிறவர்தான் மடமடவென்று ஏறி, உடம்பு பழகுமுன் ஏறினால் வரும் உயர நோயில் முதலில் மாட்டிக்கொள்வார்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, இன்றைக்குப் படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் கூடுதலாக ஒரு ராத்திரி. பகலில் அதைவிட உயரமாக ஏறி இறங்கினால் பரவாயில்லை, படுக்கிற உயரம்தான் கணக்கு. அதனால்தான் நாம்சேயில் ஓய்வு நாள் என்று போட்டுவிட்டு, 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல்வரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கீழே கூட்டி வந்து படுக்க வைக்கிறார்கள்.

இப்போது வழக்கமான 12 நாள் பிளானை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். லுக்லா 2,860-ல் விமானம் இறங்குகிறது. முதல் ராத்திரி ஃபாக்டிங், 2,610. அடுத்தது நாம்சே, ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம். அங்கே இரண்டு ராத்திரி. டெங்போச்சே 3,860. டிங்போச்சே 4,410, அங்கேயும் இரண்டு ராத்திரி. லொபுச்சே 4,940. அப்புறம் கோரக் ஷேப், 5,160 வாக்கில். நல்ல பிளான் என்று சொல்லப்படுகிற இதிலேயே 500-ஐத் தாண்டும் நாட்கள் மூன்று இருக்கின்றன. அந்த இரண்டு ஓய்வு நாட்கள்தான் அதை ஈடுகட்டுகின்றன. ஒன்பது நாளில் முடித்துத் தருகிறோம், திரும்பும்போது ஹெலிகாப்டர் என்று யாராவது சொன்னால், எந்த ராத்திரியை எடுத்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் டிங்போச்சேயில் கை வைத்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கும் இடம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு முறை லொபுச்சேயில், சாயங்காலம் ஐந்தரை இருக்கும். டீ ஹவுஸ் என்று சொல்லும் நடைபயணிகள் விடுதியின் கூடத்து நடுவில் யாக் சாண வறட்டி எரியும் அடுப்பு, அதைச் சுற்றி எல்லோருடைய ஈரச் சாக்ஸும். எங்கள் குழுவில் 46 வயதுக்காரர் ஒருவர், நான்கு ஃபுல் மாரத்தான் ஓடியவர், அவரை மாரத்தான் அண்ணா என்றே சொல்கிறேன். தட்டில் இருந்த தால் பாத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "பசிக்கலைங்க டாக்டர், ராத்திரி சரியாத் தூக்கமில்லை, அவ்வளவுதான்." நானும் விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உதவி வழிகாட்டி என் பக்கத்தில் வந்து குனிந்து, "திதி, அவர் டாய்லெட் போய்விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே வருகிறார்" என்று இந்தியில் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். ஜாக்கெட் ஜிப்பின் இரண்டு நுனியையும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றை இன்னொன்றில் கோர்க்க முடியாமல் நின்றார். தரைப் பலகையின் இடுக்கு ஒரு நேர்கோடாக இருந்தது. அதன் மேல் ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் சாய்ந்து மேசையைப் பிடித்தார். சிரித்துக்கொண்டே, "செருப்பு வழுக்குதுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவரை அதே செருப்பைப் போட்டு நடக்கச் சொன்னேன், அவர் பாட்டுக்கு நடந்தார். மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிய இந்த ஒரு சோதனையே போதும். ஸ்கேன் எடுக்க அங்கே எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

அவருடைய பையில் பாராசிட்டமால் அட்டை இருந்தது. பத்தில் ஒன்றுதான் மிச்சம். நாம்சேயிலிருந்தே தலைவலியாம். நான்கு நாளாக எனக்கும் சொல்லவில்லை, வழிகாட்டிக்கும் சொல்லவில்லை, அறையில் கூடப் படுத்தவருக்கும் சொல்லவில்லை. "என்னால மத்தவங்க லேட்டாகக் கூடாதுன்னுதானுங்க."

மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி, இரண்டு வழிகாட்டிகள் இரண்டு தோளையும் பிடிக்க, ஹெட்லைட் வெளிச்சத்தில் துக்லா இறக்கம் வழியாகப் பெரிச்சேவரை கூட்டிக்கொண்டு இறங்கினோம். இறங்கியது 600 மீட்டர்கூட இருக்காது. மூன்றரை மணி நேரம் பிடித்தது. ஹெலிகாப்டர் வந்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இருட்டில் அது அங்கே பறக்காது, மேகம் மூடினால் பகலிலும் பறக்காது. பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் சிறு கிளினிக் இருக்கிறது, சீசனில் டாக்டர்கள் இருப்பார்கள். 1973-ல் தொடங்கிய அமைப்பு அது. அன்னபூர்ணா பக்கம் மனாங்கிலும் இவர்களுக்கு ஒரு கிளினிக் உண்டு. உயர நோய் பற்றி நடைபயணிகளுக்கு அவர்கள் நடத்தும் மதிய வகுப்பைத் தவறவிடாதீர்கள். மறுநாள் காலை அண்ணா தானாகவே ஜிப்பைப் போட்டுக்கொண்டார். ராத்திரி நடந்தது எதுவும் நினைவில்லை. "பேஸ் கேம்ப்புக்கு எப்பங்க கிளம்பறோம்?" என்று கேட்டார்.

இதில் என் தப்பும் இருக்கிறது. தினமும் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் பார்த்து "எல்லாரும் ஓகேதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதினாலு பேர் முன்னால் யார் இல்லை என்று சொல்வார்கள்? இப்போதெல்லாம் காலையில் ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டித் தனித்தனியாகக் கேட்கிறேன். தலைவலி, வயிற்றுப் புரட்டல், சோர்வு, தலைசுற்றல் என்று நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மார்க். தலைவலியும் இருந்து மொத்தம் மூன்றைத் தொட்டால் அன்றைக்கு ஏற்றம் கிடையாது. சரியாகாமல் கூடினால் இறக்கம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஒரு பக்கம், அது 88 காட்டுகிறது, அந்த உயரத்துக்கு அது நல்ல அளவுதான் என்று தலைவலியை ஒதுக்கிவிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். குளிரில் விறைத்த விரலில் அந்தக் கருவி எதையாவது காட்டும், உங்கள் தலை சொல்வதைக் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமல் கூடுகிறது என்றால் அது நுரையீரலில் நீர் கோப்பது. அதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ட்ரெக்கிங் போகக்கூடாது என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் வாயைத் திறக்காமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால் எந்த வழிகாட்டிக்கும் தெரியப்போவதில்லை.

டயாமாக்ஸ் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. அசிட்டசோலமைடு, வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, ராத்திரி என்று ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது. உடம்பு பழகுவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். தப்பான பிளானைச் சரியாக்காது. விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும், சோடா வாயில் சப்பென்றிருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் ஏறும்போது வேண்டவே வேண்டாம். சுகர் உள்ளவர்கள் இன்சுலினைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், வெளிப் பையில் வைத்தால் உறைந்துவிடும்.

சுமை தூக்குகிறவர்களைப் பற்றிப் பேச யாரும் கிளினிக்குக்கு வருவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மலையில் பிறந்தவர்கள், அவர்களுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறோம். எவரெஸ்ட் பாதையில் மூட்டை தூக்கும் பையன்கள் பலர் ஊட்டியைவிடத் தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவர்கள். நம்மைப் போலவேதான் அவர்களுக்கும் தலை வலிக்கும், மூச்சு முட்டும், அதுவும் முதுகில் இருபத்தைந்து கிலோவோடு. ஒரு முறை டிங்போச்சேயில் இருமிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கணக்கு முடித்துத் தனியாகக் கீழே அனுப்பப் பார்த்தார்கள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முடியாதவரைத் தனியாக இறக்கக் கூடாது என்று சண்டை போட்டுக் கூட ஓர் ஆளை அனுப்ப வைத்தேன். பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை கிலோ, அவர்களுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா, படுக்க எங்கே இடம். இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிற ஏஜென்சி உங்கள் தலைவலியையும் அப்படித்தான் பார்க்கும்.

கையில் உபரி நாள் இருக்கிறதா என்பதையும் அந்தத் தாளில்தான் பார்ப்பேன். லுக்லா விமானம் மேகத்தைப் பார்த்துத்தான் கிளம்பும், ஒரு நாள் இரண்டு நாள் நின்றுபோவது சகஜம். சீசனில் காத்மாண்டுவிலிருந்து நேராகப் போகாமல், நடு ராத்திரி எழுப்பி நாலைந்து மணி நேரம் ஜீப்பில் ராமேசாப் கூட்டிப்போய் அங்கிருந்து ஏற்றுவார்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட ஹுத்ஹுத் புயல் நமக்கு நினைவிருக்கும். கரையேறி இரண்டு நாளில் அதே ஈரம்தான் அன்னபூர்ணாவில் பனியாகக் கொட்டியது. தொரோங் லா கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கணவாய் 5,416 மீட்டர். அன்றைக்கு மனாங்கிலேயே ஒரு நாள் உட்கார்ந்திருந்தவர்கள் தப்பித்தார்கள். வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தால் சென்னைக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் எத்தனை மீட்டர் உயரம்வரை, ஹெலிகாப்டர் மீட்பு சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். லேசாகத் தலை வலித்தாலே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு, காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போட்ட மோசடிகளை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. யார் கூப்பிடுகிறார்கள், ஏன் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

லீவு ஒரு வாரம்தான் என்றால் பேஸ் கேம்ப்பை விட்டுவிடுங்கள். பொக்காராவிலிருந்து காந்த்ருக், கோரேபானி, பூன் ஹில் என்று நான்கைந்து நாள் நடந்தால் உச்சமே 3,210 மீட்டர்தான். அதுவும் வேண்டாம் என்றால் பகல் நடைகள் இருக்கின்றன. காத்மாண்டுவுக்கு வடக்கே சிவபுரி, 2,732 மீட்டர், காலையில் ஏறிச் சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்துவிடலாம். என் அம்மாவை, 67 வயது, முழங்கால் வலி வேறு, பொக்காரா பக்கம் தம்புஸ் கிராமத்துக்குக் கூட்டிப் போனேன். மச்சாபுச்சரே உச்சி எதிரே நிற்க, அம்மா எண்ணெயில் பொரித்த குருங் ரொட்டியைத் தேனில் தொட்டுத் தின்றுகொண்டே, "இதுக்கு மேல எதுக்கு ஏறணும்?" என்றார்.

இந்த வருஷத்து முதல் ஆள் நேற்று வந்தார். 58 வயது, சுகர் கட்டுக்குள் இருக்கிறது, இ.சி.ஜி. சுத்தம். பிளான் ஒன்பது நாள், டிங்போச்சேயில் ஒரே ராத்திரி. பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன். என் எதிரில் உட்கார்ந்தே ஏஜென்சிக்குப் போன் போட்டார். இரண்டு நாள் கூட்டினால் பதினெட்டாயிரம் அதிகமாகும், குழு காத்திருக்காது, தனி வழிகாட்டி போட வேண்டும் என்றார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபைலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.