தனித்தொகுதி: யாருக்குத் தனி?

தேர்தல் நெருங்கினால் செய்தித்தாளில் எழும்பூர் (தனி), வால்பாறை (தனி) என்று சில தொகுதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி வந்துவிடும். பேச்சில் இதையே 'ரிசர்வ் தொகுதி' என்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கு. ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கு.

பலர் தடுமாறுவது 'தனி' என்ற சொல்லில்தான். அது வேட்பாளரை மட்டுமே குறிக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும், எந்தச் சாதியானாலும், அங்கே ஓட்டுப் போடலாம். நிற்பவர் மட்டும் உரிய பிரிவினராக இருக்க வேண்டும். அவர் பொதுத்தொகுதியில் நிற்கவும் சட்டத்தில் தடை இல்லை. கட்சிகள் நிறுத்துவதுதான் அபூர்வம்.

இந்தத் தடுமாற்றத்துக்கு 1932-இல் ஒரு வேர் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே ஓட்டளித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட, பொது வாக்காளர்கள், ஒதுக்கிய இடங்கள் என்று ஏற்பாடு மாறியது. கைவிடப்பட்ட அந்த முறையையும் 'தனித்தொகுதி' என்றே எழுதுகிறவர்கள் உண்டு. நேரெதிரான இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் என்ன செய்வார்? பழையதைத் 'தனி வாக்காளர் தொகுதி' என்று பிரித்து எழுதுவதே சரி.

பகு, பகுதி ஆனது போலத் தொகு, தொகுதி ஆனது. தொகுதி என்றால் திரட்டு. புத்தகத்தின் 'முதல் தொகுதி'யும் இதே சொல்தான். 'ரிசர்வ்' இலத்தீனிலிருந்து வந்தது; எடுத்து வைத்துக் காப்பது என்று பொருள். அதற்கு 'ஒதுக்கப்பட்ட தொகுதி' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. நிதியையும் ஒதுக்குகிறோம், மனிதரை ஊரைவிட்டும் ஒதுக்குகிறோம். இந்த இடத்தில் அந்த இரண்டாம் பொருள் எட்டிப் பார்க்கவே கூடாது. 'ஒதுக்கீட்டுத் தொகுதி' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வழக்கில் வேரூன்றிய 'தனித்தொகுதி'யும் இருக்கட்டும், பொருள் தெரிந்து சொன்னால் போதும்.

1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் ஓர் இடம் பொது, இன்னொன்று ஒதுக்கீடு. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். ஓட்டு கூடுதலாக இருந்ததால் ஒருவருக்குப் பொது இடமே கிடைத்தது. தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் அந்த வெற்றி செல்லும் என்றது. 1961-இல் ஒரு சட்டம் இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது.

அப்புறம், எந்தத் தொகுதி தனி என்பதை முடிவு செய்வது தொகுதி மறுவரையறை ஆணையம். பழங்குடியினருக்கு அவர்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள தொகுதிகளைத் தருவார்கள். பட்டியல் சாதியினருக்கு, விகிதம் கூடுதலாக உள்ள தொகுதிகளை மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாகத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போதைய பட்டியல் 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி 2008-இல் வந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அரசியலமைப்பு முதலில் தந்த காலம் 10 ஆண்டு. அடுத்தடுத்து நீட்டித்து, இப்போது 2030 வரை.