சாலையே இல்லாத பிரதேசத்தில் சிறையை எங்கே கட்டுவது?

கனடாவின் வடகோடியில் நுனாவுட் என்றொரு பிரதேசம் இருக்கிறது. இந்தியாவின் பரப்பளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி மொத்த மக்களே 36,858 பேர்தான், பெரும்பாலும் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. ஆள் போக விமானம், சரக்கு வரக் கோடைக்காலக் கப்பல். இங்கே ஒரு சிறை கட்ட வேண்டும் என்றால் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

இதற்குக் கணிதத்தில் ஒரு வழி உண்டு. 1964-ல் ஹக்கீமி என்பவர் வகுத்துத் தந்தது. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எடை, அதாவது அந்த ஊருக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று காட்டும் எண், கொடுக்க வேண்டும். அந்த எடையை ஊரிலிருந்து சிறைக்குள்ள தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எந்த இடத்துக்குக் கூட்டுத்தொகை குறைவாக வருகிறதோ அதுவே சரியான இடம். மக்கள்தொகையையே எடையாக வைத்துப் பார்ப்போம். கிழக்கில் கிக்கிக்தாலுக் பகுதியில் 19,355 பேர், நடுவில் கிவாலிக்கில் 11,045, மேற்கில் கிட்டிக்மியோட்டில் 6,458. கிழக்குப் பகுதியின் விமானங்கள் பெரும்பாலும் தலைநகர் இக்காலுயிட் வழியாகவே போகின்றன. அங்கிருந்து சிறையை ஒரு கிலோமீட்டர் மேற்கே தள்ளினால் 19,355 பேருக்கு ஒரு கிலோமீட்டர் கூடும், 17,503 பேருக்குக் குறையும். ஆக, நட்டக் கணக்குதான். ஒரே சிறை என்றால் இக்காலுயிட். இரண்டாவது கட்டலாம் என்றால் 1,200 கிலோமீட்டர் தள்ளி, கிவாலிக்கின் மையமான ராங்கின் இன்லெட். உண்மையிலும் அப்படித்தான் நடந்தது. 2013-ல் அங்கே ஒரு சிறை திறக்கப்பட்டது.

மேற்கோடியில் இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். குக்லுக்டுக் என்ற ஊரிலிருந்து இக்காலுயிட் நேர்க்கோட்டிலேயே சுமார் 2,100 கிலோமீட்டர். பக்கத்துப் பிரதேசத்தின் தலைநகரான யெல்லோநைஃப் 600 கிலோமீட்டர்தான். மேற்குப் பகுதியின் விமானங்களும் அந்தப் பக்கமே போகின்றன. அதனால் எல்லை தாண்டி அங்குள்ள சிறையில் ஆட்களை வைக்கும் ஏற்பாடும் இருந்துவருகிறது.

சரி, மக்கள்தொகையை எடையாக வைப்பது நியாயமா? என்னைக் கேட்டால், இந்தக் கணக்கின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பங்கு இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீதிபதியே விமானத்தில் ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்டாலும், நிலையான நீதிமன்றக் கட்டடம் தலைநகரில் இருக்கிறது. பிரதேசத்தின் ஒரே மருத்துவமனையும் அங்கேதான். காவலர்களின் பயணம், விமானச் செலவு ஆகியவற்றை மட்டும் எடையாகப் போட்டால் எல்லாமே இக்காலுயிட் பக்கம் சாயும். கைதியைப் பார்க்க வரும் தாயின் பயணம் அரசுச் செலவில் வராது. அதனால் கணக்கிலும் வராது. அதையும் ஓர் எடையாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

ஊர் முடிவானதும் மண் குறுக்கே நிற்கும். இங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிறது. கட்டடத்தின் சூடு கீழே இறங்கினால் மண்ணிலுள்ள பனி உருகும், தரை உள்வாங்கும். சின்ன வீடுகளைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட விட்டுவிடுவார்கள். பெரிய கட்டடங்கள் சிலவற்றில் ஓர் அருமையான உத்தி. மண்ணுக்குள் ஒரு மூடிய குழாய். அதற்குள் அழுத்தி அடைத்த கரியமில வாயு. குளிர்காலத்தில் வெளியே நீட்டிய மேல்முனை மண்ணைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். வாயு அங்கே திரவமாகி உட்சுவரில் வழிந்து இறங்கும். அடியில் மண்ணின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் ஆவியாகி மேலேறும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் மேல்முனை சூடானதும் ஓட்டம் தானாகவே நின்றுவிடும்.

அப்புறம் தண்ணீர். பல ஊர்களில் குடிநீர் லாரியில்தான் வருகிறது, கழிவுநீரும் லாரியில்தான் போகிறது. பல பத்துப் பேர் தங்கும் கட்டடத்துக்கு அது பெரிய சுமை. சிமென்டும் இரும்பும் கடல் உருகிய சில மாதங்களுக்குள் வந்து சேர வேண்டும். இக்காலுயிட்டில் கடல் ஓதத்தால் நீர்மட்டம் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். 2023-ல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கும்வரை, கப்பலைத் தள்ளி நிறுத்தி, நீர் ஏறும் நேரம் பார்த்து மிதவைப் படகுகளில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒருமுறை கட்டிவிட்டால் அடுத்ததும் அதே ஊரில்தான் எழும். ஊழியர்களும் அவர்கள் குடியிருப்பும் குழாய்களும் அங்கே இருப்பதுதான் காரணம். இக்காலுயிட்டின் பழைய சிறை 1980-களில், அதிகக் காவல் தேவைப்படாதவர்களுக்காகக் கட்டப்பட்டது. பிறகு எல்லா வகைக் கைதிகளையும் அதிலேயே அடைத்தார்கள். அங்கிருந்த நெரிசலையும் பாதுகாப்புக் குறைகளையும் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2015 அறிக்கையில் சுட்டிக்காட்டினார். அதற்கு மாற்றாக எழுந்த புதிய கட்டடமும் இக்காலுயிட்டிலேயே இருக்கிறது.

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அவர்கள் மத்திய அரசின் சிறைக்குப் போக வேண்டும். வடக்கிலுள்ள மூன்று பிரதேசங்களில் ஒன்றில்கூட அப்படியொரு சிறை இல்லை. தெற்கே பறக்கிறார்கள், தங்கள் மொழி பேச ஆள் கிடைப்பதே அரிதான இடத்துக்கு.