பாயைச் சுருட்டி வைத்த பிறகு

கோத்தகிரியில் யோகா, இயற்கை மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதுகுவலி, தூக்கமின்மை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒரு உடம்புக் காரணத்தோடுதான் வருவார்கள். சில வாரம் ஆசனம் செய்து, கண்ணை மூடி உட்காரவும் பழகிவிட்டால் கேள்வி மாறிவிடும். "வெளிச்சம் தெரியும், உடம்பு லேசாகும்னு சொல்றாங்களே டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமே வரலையே?" கேட்கும்போதே குரலில் ஒரு ஏக்கம் இருக்கும். தங்களுக்கு மட்டும் அது கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த வாரம் வீட்டில் யார் மீதாவது எரிந்து விழப் போய், நிறுத்திக்கொண்டீர்களா? கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்பார்கள். மகன் போனை வைக்காமல் சாப்பிட்டபோது, ரேஷன் கடை வரிசையில் ஒருவர் இடையில் நுழைந்தபோது, மாமியார் பழைய கதையை மறுபடி எடுத்தபோது. வாய் வரைக்கும் வந்த சொல் அங்கேயே நின்றிருக்கிறது. தியானம் பலன் தருகிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான அடையாளம் என் அனுபவத்தில் இல்லை. வெளிச்சம் தெரிந்தால் தெரியட்டும், அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் இரண்டும் இயமமும் (செய்யக் கூடாதவை) நியமமும் (கடைப்பிடிக்க வேண்டியவை). திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே வரிசையில்தான் சொல்கிறார். பிறரைத் துன்புறுத்தாமை, பொய் சொல்லாமை, திருடாமை, தேவைக்கு மேல் சேர்க்காமை, மனநிறைவு என்று அந்தப் பட்டியலைப் பாருங்கள். இவற்றில் பாதிக்கு மேல் இன்னொரு மனிதர் எதிரில் இருந்தால்தான் பழகவே முடியும். கடையில், சமையலறையில், தோட்டத்தில், பஸ்ஸில்தான் அதற்கு வாய்ப்பு. நாம் அந்த இரண்டு படிகளையும் தாண்டி மூன்றாவதில் கால் வைத்துவிட்டு, ஏன் மேலே போக முடியவில்லை என்று குழம்புகிறோம்.

அன்றாட வேலைக்குள் பாடம் எப்படி இருக்கிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு தோட்டத் தொழிலாளி. ஐம்பது வயதைத் தாண்டியவர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்படி வந்தவர்கள் நீலகிரியில் ஏராளம், அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே இங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. கழுத்து வலி, வலது கை மரத்துப்போகிறது என்று வந்தார். வேலையின்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க, கொழுந்து எடுப்பதைச் செய்து காட்டுங்கள் அக்கா என்றேன். என் வீட்டு வேலியோரம் நாலு தேயிலைச் செடி இருக்கிறது. அங்கே போய் நின்றார்.

இரண்டு இலை, ஒரு மொட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டு வருகிறது, ஒரு சின்னத் திருகல், கொழுந்து கைக்குள் போய்விடுகிறது. இடது கையும் வலது கையும் மாறி மாறி ஓடுகின்றன, கண் அடுத்த கொழுந்தில் இருக்கிறது. முற்றல் இலையை விரல் தொட்டதுமே விட்டுவிடுகிறது. தோள்பட்டை காதுவரை ஏறியிருந்ததையும் மூச்சு பாதியில் நின்றிருந்ததையும் நான் கவனித்தேன். ஆனால் அவருடைய உள்ளங்கைகள் மட்டும் பிடித்தும் பிடிக்காமலும் பாதி திறந்தே இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"இறுக்கிப் பிடிச்சா இலை சூடாகிப் போயிரும்மா. அப்புறம் கன்னிப் போயி செவந்துரும், இலை போடற இடத்துல கழிச்சிருவாங்க. லேசா வெச்சிருந்து, கை நெறஞ்சதும் பைக்குள்ள போட்டுரணும்."

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, தோளையும் அதே மாதிரி வையுங்கள் அக்கா என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நான் படம் போட்டு விளக்கியிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. வேலையை விடாமல் இறுக்கத்தை மட்டும் விடுவது எப்படி என்று அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் தோளுக்கும் மூச்சுக்கும் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு முறை கை நிறைந்து பையில் போடும்போதும் ஒரு நீளமான மூச்சு வெளியே விட வேண்டும், அதோடு தோளும் இறங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கழுத்துக்குச் சில பயிற்சிகளும் உண்டு, அவை தனிக் கதை. ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்தபோது வலி குறைந்ததைச் சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "வீட்டுல அவரு குடிச்சிட்டு வந்து கத்துறப்பயும் அந்த மூச்சு தானா வருதும்மா. முன்னாடி மாதிரி நடுக்கம் இல்ல."

மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, உள்ளே வரும்போது கூடுகிறது. இது எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். வெளிமூச்சை நீட்டும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக உடம்பு அமைதிப்படுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவானால் பெரும்பாலானவர்களுக்கு அந்த மாற்றம் நன்றாகவே தெரியும். அந்த ஒரு மூச்சு நேரம் கோபத்துக்கும் செயலுக்கும் நடுவில் இடைவெளியாக நிற்கிறது. முன்னோர் அதைச் சாட்சியாக நிற்பது என்றார்கள்.

என்னிடம் வரும் டாக்ஸி டிரைவர் ஒருவர் இதையே தன் பாஷையில் சொன்னார். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதை பழகாதவர்கள் அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், அங்கே நடக்கும் விபத்துகளுக்கு அது ஒரு முக்கியக் காரணம். தெரிந்தவர்கள் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவார்கள், வண்டியின் வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். "என் கோபமும் அப்படித்தான் டாக்டர். இத்தனை வருஷமா மிதிச்சு மிதிச்சுத்தான் நிறுத்திட்டிருந்தேன்" என்றார். காலையில் அவர் உட்காரும் பதினைந்து நிமிடம் அந்த கியர் மாற்றம். நான் எவ்வளவோ வகுப்பெடுத்தும் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் வாழ்க்கையில் நடப்பதிலிருந்து நாம் பாடம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் துன்பத்தை எடுத்து அவருக்கே பாடமாகச் சொல்லக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து ஒரே இரவில் தேயிலை கருகிப்போனவரிடம் போய், எல்லாம் பற்றின்மையைக் கற்றுக்கொடுக்கத்தான் என்று சொல்வது ஆன்மிகமாகாது. அது ஈரமில்லாத பேச்சு. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்கவில்லை, கூலி பற்றவில்லை என்பவருக்கு மனநிறைவைப் பற்றி வகுப்பெடுப்பதும் அப்படித்தான். மூச்சுப் பயிற்சி அவர் பதறாமல் நின்று தன் நியாயத்தைக் கேட்க உதவும். கேட்கவே வேண்டாம் என்று அவரை உட்கார வைக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் யோகத்துக்குக் கெடுதல் செய்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்ளவும் தியானத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். மேலே சொன்ன அக்கா வீட்டு நிலையைச் சொன்னதும் நான் அவரிடம் முதலில் பேசியது 181 பெண்கள் உதவி எண்ணைப் பற்றித்தான். நடுக்கம் குறைந்த பிறகுதான் அவரால் அதற்குப் போன் செய்ய முடிந்தது.

சரி, எப்படித் தொடங்குவது? ஜூன் 21 யோகா தினத்தன்று இங்கே கூட்டம் நிறைய வரும். ஐ.நா. 2014இல் அறிவித்து, 2015 முதல் உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நீலகிரியில் அது தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற நேரம். அன்றைக்கு மண்டபத்தில் சூரிய நமஸ்காரம் செய்தவர்கள் அடுத்த வாரம் மழையையும் குளிரையும் சொல்லி நின்றுவிடுவார்கள். அதனால் மழை பெய்தாலும் நிற்காத அளவுக்குச் சின்னதாகத் தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். சம்மணம் போட முடியாவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள், கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். மூச்சைக் கட்டுப்படுத்தாமல், மூக்கு நுனியில் குளிர்ந்த காற்று உள்ளே போவதையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக வெளியே வருவதையும் கவனியுங்கள். இந்தக் குளிர் ஊரில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், மலையில் வாழ்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. மனம் ஓடும். ஓடிவிட்டது என்று கண்டுபிடித்துத் திரும்பி வருகிறீர்கள் பாருங்கள், பயிற்சியே அந்தத் திரும்பி வருதல்தான். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பினால் ஐம்பது முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு.

அப்புறம் பகலில் ஏதாவது ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவதோ, கேரட் கழுவிக் கட்டுவதோ, பஸ்ஸுக்குக் காத்திருப்பதோ. அந்த வேலையின்போது மட்டும் காலையில் பார்த்த அதே மூச்சைப் பாருங்கள். எல்லா வேலையிலும் விழிப்பாக இருப்பேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டு நாளில் களைத்துப்போகிறார்கள். இரவு படுக்கும்முன் அன்றைக்கு மூச்சு இறுகிய ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பார்க்கலாம். யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுத வேண்டாம், உடம்பில் எங்கே இறுகியது என்பது மட்டும் போதும்.

பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று கேத்தி, ஊட்டிப் பக்கம் உறைபனியில் விடிகாலை நாலரைக்கே வெளியே புல்லில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். வயதானவர்கள் வெயில் வந்த பிறகு, வீட்டுக்குள் கொஞ்சம் நடந்து மூட்டுகளைச் சூடாக்கிவிட்டுச் செய்தால் எந்தப் புண்ணியமும் குறையாது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இருட்டோடு நடைத் தியானம் போகிறவர்கள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிடுங்கள். காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது. சுற்றி இருப்பதைக் கேட்பதும் தியானத்தில் சேர்ந்ததுதான்.

சுற்றுலாவாக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. வந்த அன்றே மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியையும் செய்து தலைசுற்றி உட்கார்ந்துவிடாதீர்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதியை எந்த ஊரிலும் தவிர்ப்பதே நல்லது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யக் கூடாது.

இன்னொரு கவலை எனக்கு உண்டு. ஆன்மிக நாட்டத்தோடு பத்து நாள் மௌனம், நீண்ட நேர தியானம் என்று நேராக இறங்கிவிடுகிறவர்களில் சிலருக்குப் பழைய காயங்கள் கிளம்பி மேலே வரும், பயம் பிடித்துக்கொள்ளும். ஆளில்லாத குரல் கேட்கிறது, பல நாளாகத் தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது ஞானத்தின் படிக்கட்டு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தியானத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். யோகா தொடங்கியதும் சர்க்கரை, அழுத்தம், மனநோய் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவர், ரத்தப் பரிசோதனையையும் உங்கள் நிலையையும் பார்த்து முடிவு செய்வார். அதுவரை மாத்திரையைப் போட்டுக்கொண்டே அந்தப் பத்து நிமிடமும் உட்காருங்கள்.