ரேடியேட்டர் மூடியும் பழைய காரின் விலையும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பார்கள். (மீட்டரை நம்புவது அவரவர் விருப்பம்.) விவரமான மெக்கானிக்கைக் கூட்டிப் போனால், அவர் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக ரேடியேட்டர் மூடியைத் திருகுவார்.

காரணம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் பெரும் பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை, இன்ஜினுக்குள் சுற்றிவரும் தண்ணீர்தான் ரேடியேட்டருக்குச் சுமந்துவந்து இறக்க வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொதித்தால் என்ன, ஆவியும் வெப்பத்தைக் கொண்டுபோகுமே என்று தோன்றலாம். சிக்கல் வேறு. எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய சூடான சுவரில் ஆவி ஒரு படலமாகப் படிந்துவிட்டால், தண்ணீர் அந்த உலோகத்தைத் தொடவே முடியாது. அந்த ஒரு இடம் மட்டும் கண்டபடி சூடேறும். அதைத் தடுப்பதுதான் மூடியின் வேலை. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அத்தனை 'பார்' (அழுத்தத்தின் அலகு) வரும்வரை விட்டுக்கொடுக்காது என்று அர்த்தம். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலை. 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 118 டிகிரிக்கு ஏறிவிடும். தண்ணீரில் சேர்க்கும் கூலன்ட் திரவம் சரிபாதி கலந்திருந்தால் இன்னும் மேலே. சூடான இன்ஜினில் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பாய்வதும் இதனால்தான். அழுத்தம் போன அந்த நொடியே, 100 டிகிரிக்கு மேல் இருந்த தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி, மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும். அப்போது பக்கத்து டப்பாவுக்கு வழிந்துபோனதைத் திரும்ப உறிஞ்ச வழிவிடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போனாலோ அழுத்தமே நிற்காது. வண்டி 'தண்ணி குடிக்க' ஆரம்பிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒரு புது மூடி, அதே எண் பொறித்தது.

அப்புறம் தெர்மோஸ்டாட் வால்வு. ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு. சுமார் 82 டிகிரியில் அது உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும், ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இவ்வளவு அழகான சாமானைத்தான் 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்' என்று கழற்றி வீசுவார்கள். கழற்றினால் ஹைவேயில் இன்ஜின் போதிய சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும். இன்னொரு கூத்தும் உண்டு. பல இன்ஜின்களில் இந்த வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை மூடிவிடும். வால்வு இல்லையென்றால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஹீட் ஆகக் கூடாது என்று கழற்றிய வண்டி டிராஃபிக்கில் ஹீட் ஆகும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். போர் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு, சூடான இடமாகப் பார்த்துப் படியும். அந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். ரேடியேட்டரில் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுகிற வைத்தியமும் உண்டு. அது வேலையும் செய்யும்: தூள் ஓட்டையைத் தேடிப் போய் ஊறி அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சள்தூளுக்குத் தெரியாது. நடுக்காட்டில் ஊர் வந்து சேர உதவும். அதோடு அதைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கவனிக்காமல் விட்டால் கடைசியில் செலவு வந்து நிற்கும் இடம் ஹெட் கேஸ்கட்: இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு. ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு என்றிருக்கும் இன்ஜினில், 40 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மி.மீ. நீளும், பிளாக் அதில் பாதிதான் நீளும். இந்த இழுபறியை வழக்கமான சூட்டில் கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் 'பெண்ட்' ஆகும். சுமார் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்தாலே பெரும்பாலும் லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்ய, அதாவது சமமாகச் சீவ வேண்டியதுதான். மலையேறும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஏறிய முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

சரி, வாங்கும்போது என்ன தெரியும்? மூடிக்கு அடியில் பச்சையோ சிவப்போ தெளிவாகத் தெரிந்தால் நல்லது. செம்மண் நிறம் என்றால் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி. எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பு ஒட்டியிருந்தாலோ கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குறைந்த தூரமே ஓடிய வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது வரும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிறகு ஏசியைப் போட்டு 20 நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும்; முள் நடுவில் நிற்க வேண்டும்.

விற்பவருக்கும் இதே கணக்கு. மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட் மூன்றையும் ஆறு மாதம் முன்பே மாற்றி, பில்லை எடுத்து வைத்தால் பேரத்தில் உங்கள் பேச்சு எடுபடும். முந்தின நாள் மாற்றினால் புத்தம்புது கூலன்டைப் பார்த்ததும் புரோக்கர் எதை மறைக்கிறீர்கள் என்றுதான் யோசிப்பார். வாங்குபவர் போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.