'வார்க்கோ அத்தீவோ' என்றால் உள்ளே போகாதே என்று பொருள்

"சார், நாங்க ஊருக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு. இப்போ கார்டுல இருந்து பணம் எடுத்திருக்காங்க!"

இத்தாலி போய் வந்தவரிடமிருந்து இப்படி போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "ஃப்ளோரன்ஸ்ல கார் ஓட்டினீங்களா?" என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள்.

பயண ஏற்பாடு என் தொழில். விசா, ஹோட்டல், தயிர்சாதம் கிடைக்குமா என்று ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், அங்கே போனபின் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்பதே இல்லை. பணம் போவதோ அங்கேதான்.

ஃப்ளோரன்ஸ், ரோம், பீசா போன்ற பழைய நகரங்களின் நடுப்பகுதி இசட்.டி.எல். என்கிற கட்டுப்பாட்டு வட்டாரம். அனுமதி இல்லாத வண்டி குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே நுழையக்கூடாது. தடுக்கக் கதவும் கிடையாது, போலீசும் நிற்காது. வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். பக்கத்தில் மின்பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எரியும். நம்மவர்கள் 'ஆக்டிவ்' என்று படித்து, வழி திறந்திருக்கிறது என்று உள்ளே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கேமரா வேலை செய்கிறது, வராதே என்று அர்த்தம். 'நோன் அத்தீவோ' என்றிருந்தால்தான் போகலாம்.

போன் செய்தவர் ஹோட்டலைத் தேடி மூன்று சுற்று சுற்றியிருக்கிறார். ஒவ்வொரு நுழைவும் தனிக் குற்றம். அவர் கார்டில் எடுத்தது அபராதம்கூட இல்லை. அவர் விலாசத்தை நகராட்சிக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் கம்பெனி பிடித்த கட்டணம். அபராத நோட்டீஸ் தனியாகத் தபாலில் வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்பச் சட்டமே 360 நாள் அவகாசம் தருகிறது.

ஹோட்டல் வட்டாரத்துக்குள் இருந்தால், போவதற்கு முன்பே வண்டி எண்ணைப் பதிவு செய்து தர முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். நம் ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்.டி.ஓ. தரும் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில் வேண்டும். அது ஓராண்டுதான் செல்லும். முன்பணம் பிடிக்க, வாடகைக் கார் கம்பெனியில் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்; பல இடங்களில் டெபிட் கார்டை ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், கார் ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி கிராமங்களுக்கு மட்டும் போதும். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

சரி, ரயில். ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ மாதிரி வேக ரயில்களில் சீட் எண்ணோடு டிக்கெட் வரும், ஏறி உட்கார வேண்டியதுதான். வம்பு உள்ளூர் ரயிலில். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். குத்தியதிலிருந்து 4 மணி நேரம் டிக்கெட் செல்லும். ஆன்லைனில் வாங்கியதற்கும் செக்-இன் உண்டு. அதை ஏறும் முன் செய்துவிடுங்கள். மறந்து ஏறிவிட்டால் டி.டி.ஆர். வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள், நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள்.

அறிவிப்புப் பலகையில் பெரிதாகத் தெரிவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான். உங்கள் ஊரைத் தேடாமல் ரயில் எண்ணைப் பாருங்கள். வெனிஸில் இரண்டு ஸ்டேஷன்: மெஸ்த்ரே நிலப்பகுதியில், சாந்தா லூச்சியாதான் தீவில். பெட்டியோடு மெஸ்த்ரேயில் இறங்கிவிட்டு "கால்வாய் எங்கே சார்?" என்று எனக்கே போன் போட்டவர் உண்டு.

விமானத்தில் சொல்ல இரண்டுதான். 'மிலான்' என்று மலிவாகக் கிடைக்கும் டிக்கெட் பெர்காமோவில் இறக்கிவிடலாம். அங்கிருந்து மிலான் 45 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளம்பும் விமானம் கம்பெனி தரப்புக் காரணத்தால் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் உண்டு. போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.