மரமில்லாத மைதானமும் முழங்கை வலியும்

நான் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் பிசியோதெரபிஸ்ட். ஏப்ரல் பிறந்தால் போதும், முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வலிக்குப் பெயர் டென்னிஸ் எல்போ. வருகிறவர்களில் பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள்.

கோல்ஃப் போலத்தான் ஆட்டம். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. இங்கே எம்போரியா என்ற சிறிய ஊரில் 2016-இல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது. சுற்றிலும் புல்வெளி, மரம் அபூர்வம், காற்று ஓயாது.

போன வருடம் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். ஐடி வேலை, நாற்பதை நெருங்கும் வயது. "மரமே இல்லண்ணே, ரொம்ப ஈஸியான கோர்ஸ். அதுல போய் எப்படிண்ணே கை போச்சு?" என்றார். மரம் இல்லாததுதான் காரணம்.

காட்டுக்குள் இருக்கும் கோர்ஸில் இரண்டு மரங்களுக்கு நடுவே தட்டு நுழைய வேண்டும். கை தானாகவே அடங்கிவிடும். திறந்த வெளியில் அடக்க யாரும் இல்லை. கூடை தூரத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு ஆட்டத்தின் பதினெட்டு ஹோலுக்கும், அதாவது பதினெட்டு கூடைக்கும், பையிலிருக்கும் டிரைவரை, அதாவது தூரம் போகிற வேகமான தட்டை எடுத்து, ஓடிவந்து, முழு பலத்தோடு வீசத் தோன்றும். வாரம் முழுக்கக் கீபோர்டு தட்டிய கை அது.

எதிர்க்காற்று வந்தால் இன்னும் மோசம். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி எறிந்தால் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்து இறங்குவதுதான் வழக்கம். எதிர்க்காற்றில் அதே தட்டு வலப்பக்கம் புரண்டு போகும். காற்று சேர்ந்ததும், தட்டைப் பொறுத்தவரை அதன் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இன்னும் பலமாக வீசுகிறார்கள். இன்னும் புரள்கிறது. அடுத்த முறை பல்லைக் கடித்து, தட்டை நசுக்குகிற மாதிரி பிடிக்கிறார்கள்.

அந்தப் பிடியில்தான் வினை. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து ஒட்டுகிறது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அங்கே இழுக்கும். தம்பியின் முழங்கையைச் சுற்றி ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். அந்த எலும்பு முனையைத் தொட்டதும் துள்ளிவிட்டார். "வீட்டில் தோசைக்கல்லைத் தூக்கினால் வலிக்குதா?" என்றேன். "எப்படிண்ணே தெரியும்?"

தட்டுக்கு வேகம் கொடுக்க வேண்டியது இடுப்பும் காலும்; கை கடைசியில் வந்து சேர்ந்தால் போதும். முன்னங்கால் ஊன்றுவதற்குள் கை கிளம்பிவிட்டால் மொத்தச் சுமையும் தோளுக்கும் முழங்கைக்கும்தான். ஓட்டத்தை விட்டு, நின்ற இடத்திலிருந்து எறிந்து பாருங்கள். தூரத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். எதிர்க்காற்றில் புரளாத தட்டாக எடுத்து, மூக்கு, அதாவது தட்டின் முன்விளிம்பு, தூக்காமல் தாழ்வாக, நிதானமாக விடுங்கள். மூக்கு தூக்கினால் காற்று அதைப் பட்டம் மாதிரி மேலே கொண்டுபோய்விடும். பாதி ஹோல்களுக்கு நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டே போதும் என்பது என் கட்சி. முதல் ஹோலில் குளிர்ந்த கையோடு டிரைவரைத் தொடவே வேண்டாம். பத்து நிமிடம் கூடைக்குப் பக்கத்தில் நின்று போட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போங்கள்.

வலி வந்துவிட்டால் ஐஸ், மாத்திரை என்று சமாளித்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் ஆடாதீர்கள். தசைநாண் தேற வாரக்கணக்கில் ஆகும். முழு ஓய்வும் சரிவராது. படிப்படியாகப் பளு கொடுத்துத்தான் பழக்க வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, கையில் பிடிமானம் விட்டுப்போனாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடி மட்டும் வேறு. வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். இடிச் சத்தம் கேட்டதும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. ஸ்கோர் கிடக்கட்டும்.

தம்பி ஆறு வாரம் கழித்து வந்தார். தோசைக்கல் வலிக்கவில்லையாம். டிரைவர்களையெல்லாம் கார் டிக்கியிலேயே வைத்துவிட்டுத்தான் ஆடப் போகிறாராம். "தூரம் கம்மிதாண்ணே. ஆனா புல்லுக்குள்ள தட்டைத் தேடி அலையுறது நின்னுபோச்சு."